மலையேறாத எட்டு சிலிண்டர்

ஏற்காட்டு மலைப்பாதையில், தறிகெட்டு ஓடிய எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டியை ஒரே அதட்டலில் நிறுத்தியவள் நான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓட்டியதும் நிறுத்தியதும் மூக்கன். நான் பின்சீட்டில் ஆரஞ்சுக் கூடையைக் கட்டிக்கொண்டு அலறினேன். அந்த அலறலுக்கும் அதில் பங்குண்டு என்பது என் கட்சி.

மூக்கன், வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். நான் அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். எண்பதுகளின் தொடக்கம். அவன் வீட்டுச் சுவரில் சாமி படத்தை ஒட்டியே, பழைய பத்திரிகைகளில் கத்தரித்த அமெரிக்க வண்டிகள் வரிசையாக இருக்கும். நீண்ட முகம், அகன்ற டயர், திமில் முறுக்கிய காளை மாதிரி.

"சாமிக்கா வண்டிக்கா, கற்பூரம் மொதல்ல எதுக்குக் காட்டுவே?" என்று கேட்டேன்.

"சாமி கோவிச்சுக்காதுங்க டீச்சரம்மா. வண்டிதான் நொம்ப ரோசக்காரன்."

வண்டிகளைப் பற்றி அவனிடம் அசையாத தீர்ப்புகள் உண்டு. "பலம் இன்ஜின்ல இருக்கோணுங்க. மத்ததெல்லாம் நகை." ஏசியா? "மலைக்காத்துக்கு எதுக்குங்க மிஷினு?" பாட்டுப் பெட்டியா? "இன்ஜின் பாடறப்ப ஊடால இன்னொரு பாட்டா?" பவர் ஸ்டீரிங் என்றால் முகத்தையே சுளிப்பான். "ஒத்த வெரல்ல திருப்பறதுக்கு அது வண்டியா, ரேடியோவாங்க?"

இத்தனைக்கும் அவன் ஏங்கியது அந்த நகையெல்லாம் போட்ட ஒரு வண்டிக்குத்தான். எஸ்டேட் முதலாளியின் சிவப்பு அமெரிக்க வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதை ஸ்டார்ட் செய்து, சற்று உறுமவிட்டு அணைப்பார். மூக்கன் வாசலில் கைகட்டி நின்று கேட்பான். நின்ற இடத்திலேயே இந்தக் குரல் என்றால், சேலத்திலிருந்து மலையேறும்போது எப்படி இருக்கும்? தன் காலால் மிதித்து அதை ஒருதரம் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

முதலாளிக்கு முழங்கால் வலி வந்தது. மூக்கனுக்கு வாய்ப்பு வந்தது. "சேலத்துல சர்வீசுக்கு உடோணும். சாயங்காலம் நீயே மேல ஏத்தியாந்துரு" என்றார். அன்று மூக்கன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். முதலாளி முன்சீட்டில். மூக்குக்கண்ணாடி மாற்றக் கிளம்பிய நான் பின்னால்.

எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்துவிடுவார்கள், பெட்ரோல் மிச்சம் என்று. மலையிறங்கத் தொடங்கியதும் மூக்கனின் கை அவனைக் கேட்காமலே சாவியைத் திருப்பியது. எந்தச் சத்தத்துக்காக வருஷக்கணக்கில் ஏங்கினானோ, அதைத் தானே அணைத்துவிட்டான்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. பிரேக் ஒருதரம் பிடித்தது, மறுதரம் இறுகிப்போனது. அந்த வண்டியில் இன்ஜின் ஓடினால்தான் இரண்டுக்கும் பலம். மூக்கன் பாதி எழுந்து நின்று மிதித்து, இரு கைகளாலும் வளைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான். யாருக்கும் காயமில்லை. ஆரஞ்சுகள் மட்டும் முதலாளியின் மடிக்குப் போயிருந்தன.

"ஏன்டா அணைச்சே?"

"பெட்ரோலுங்க, மொதலாளி..."

"அது எம்பெட்ரோல்டா!"

மறுபடி ஸ்டார்ட் செய்து, சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தான். "இது நம்ம மலைக்கு ஆகாது" என்றார் முதலாளி. வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சேலத்துக்காரர் ஒருவருக்கு அங்கேயே விற்றுவிட்டார். மாலையில் மூவரும் பஸ்ஸில் மலையேறினோம். மூக்கன் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"நமக்கு ஜீப்பே போதுமுங்க" என்றான் மறுநாள். அதன்பிறகு அவன் அந்த வண்டியை நினைக்கவே இல்லை.

இதுவரை எழுதியதை மூக்கனின் மனைவி கலாவதிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் கை காட்டி நிறுத்தினாள்.

"நெனைக்கலீன்னு எழுதாதீங்க டீச்சரம்மா. இன்னிக்கும் தூக்கத்துல காலு மிதிக்குது. வாயில உறுமிக்கிட்டே ஏறறாரு. பாதி மலையில எழுப்பிட்டா, ரெண்டு நாளைக்கு எங்கூடப் பேசறதில்லீங்க."