வெளியூர் ஜோடிகளுக்கு மட்டும்

இசோகாய் மிட்சுரு அந்த வெந்நீரூற்று விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்கத் தொடங்கி முப்பத்தோரு வருஷம். ஜப்பானில், ஒய்தா மலைப்பக்கத்துச் சின்ன ஊர். சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வரும். ஒருவர் தும்மினால் ஏழு வீட்டுக்குக் கேட்கும்.

ஹதானோ சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். ஆண்கள் இருவருக்கும் இருபத்தாறு வருஷக் காதல். ஷோகி என்கிற ஜப்பானியச் சதுரங்க ஆட்டக் கூட்டாளிகள் என்று ஊர் நினைத்தது, அவர்களும் மறுக்கவில்லை. தனித்தனி வீடு. ஊர்ப் பொதுக்குளியலுக்கு ஒருவர் திங்கட்கிழமை போனால் மற்றவர் வியாழக்கிழமை போவார். ஒரே தொட்டியில் உட்கார்ந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். வருஷத்துக்கு ஒருமுறை எங்கேயாவது தூரத்து ஊரில், கூட வேலை பார்ப்பவர்கள் என்று எழுதிக் கொடுத்துத் தங்குவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம்.

போன வருஷம் முதலாளியம்மா தொகிகோ, நகரத்து ஆலோசகர் ஒருவர் பேச்சைக் கேட்டு வாசலில் வானவில் ஸ்டிக்கர் ஒட்டினாள். வெளிநாட்டிலிருந்து ஆண் ஜோடிகளும் பெண் ஜோடிகளும் வர ஆரம்பித்தார்கள். தோட்டத்துத் தனிக் குளியலறை அவர்களுக்கென்றே ஆனது. டச்சுக்காரர் இருவர் மேசைக்கு முன்னாலேயே கைகோத்து நின்று, எங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். மிட்சுரு அருவிக்கு வழி வரைந்து கொடுத்தார். கோடு கோணலாகப் போனது. பொறாமைதான், வேறென்ன.

அந்த இலையுதிர் காலத்தில் ஹதானோவுக்கு எழுபது நிறைந்தது. ஓட்டுநர் இருக்கையிலேயே தேய்ந்த முதுகு. குனிந்து காலுறை மாட்ட முடியாது. விடுதி விடுமுறை நாளில் ஊழியர்கள் குடும்பத்தோடு தனிக் குளியலறையில் குளிக்கலாம் என்பது பழைய வழக்கம். மிட்சுரு அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது முதலாளியம்மாவிடம் போய்க் கேட்டார்.

"யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க, இசோகாய்-சான்?"

"ஹதானோவை. அவன்தாம்மா என் குடும்பம்."

முதலாளியம்மா திடுக்கிடவில்லை. தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"தெரியும். இருபது வருஷமாத் தெரியும். எங்கயாவது வாயத் திறந்திருக்கேனா?"

"இல்லம்மா."

"அதே மாதிரி நீங்களும் இருங்க. வெளிநாட்டுக்காரங்க ரெண்டு நாள் குளிச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்க இங்கயே இருக்கறவரு. சமையக்கட்டுப் பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிட்சுரு குனிந்து வணங்கினார். பழகிய முதுகு, தானாகவே வளைந்தது. அதுதான் பிற்பாடு அவருக்கு ஆறவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஹதானோ வீட்டில், ஆவியில் வெந்த முட்டையை உரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். முதலாளியம்மாவைச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்திருந்தார்.

"கேக்கச் சொல்லி நான் சொன்னேனாடா?" என்றார் ஹதானோ.

"உன் முதுகுக்காகத்தான்..."

"எம் பேரையும் சொல்லிட்டியா?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்டா. இருபது வருஷமா."

ஹதானோவின் முகம் சுண்டிப்போனது. "அப்போ இருபது வருஷமா அந்தப் பொம்பளை முன்னாடி அம்மணமா நின்னிருக்கேன். புத்தாண்டுக்குப் புத்தாண்டு போய் வணக்கம் வேற சொல்லியிருக்கேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. இந்த வயசுல நமக்கென்ன?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அந்த மானம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அதற்குப்பிறகு மிட்சுரு போனபோதெல்லாம் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பிப்ரவரியில் ஹதானோ வீட்டைக் காலி செய்துவிட்டு மியாசாகியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். செய்தியை மிட்சுருவுக்குச் சொன்னது மீன்காரர்தான்.

பேருந்து நிலையத்துக்கு ஓடினார். ஹதானோ ஜன்னலோர இருக்கையில் மடியில் பையை அணைத்தபடி இருந்தார். மிட்சுரு கண்ணாடியைத் தட்டினார். ஒரு தடவை திரும்பிப் பார்த்த ஹதானோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரியையும் பார்த்தார். பிறகு, அறிமுகம் மட்டுமே உள்ள ஒருவருக்குச் செய்வதுபோல், மரியாதையாகத் தலையை அசைத்தார்.

வண்டி கிளம்பியது. மூன்று மணிக்கு விருந்தாளிகள் வருவார்கள். மிட்சுரு விடுதிக்குத் திரும்பி, சட்டையை மாற்றிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.