வலிக்கிறது என்று அம்மா சொன்ன நாள்

அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் பொழுது விடிவதே அவர்களுடைய திட்டோடுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து, பிறகு அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆனவர்கள் அம்மா. முப்பது பெண்களை மிரட்டி வேலை வாங்கிய குரல் அது. அப்பா இறந்த பிறகு அண்ணனூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "இன்னாடி இது, ரசமா? கை கழுவுன தண்ணியாட்டம் கீது" என்பார்கள். என் நாலு வயது மகள் நிஸ்ஸி பாட்டியைப் போலவே இடுப்பில் கை வைத்து அதைத் திருப்பிச் சொல்வாள். நான் கோபப்படுவேன். அந்தக் கோபம்கூட எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். சபையாக உபவாசமிருந்து ஜெபித்தோம். ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அம்மா மேடை ஏறி மைக்கைப் பிடித்து, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று சொன்னார்கள். எல்லோரும் கைதட்டி ஆர்ப்பரித்தோம். அது பொய் அல்ல. அன்றைக்கு அம்மா உண்மையிலேயே நன்றாக இருந்தார்கள்.

ஆகஸ்டு மாதம் இடுப்பெலும்பில் நோய் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் என்னையும் என் கணவர் எட்வினையும் தனியாக உட்காரவைத்து, இனிமேல் அந்த வைத்தியத்தை அம்மாவின் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கும் ஒரு குழு இருக்கிறது, கூப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கர்த்தர் மேல் நம்பிக்கை இழந்ததாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். கூப்பிடாமல் இருந்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்கிறேனோ என்றும் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் நாட்கள் போயின.

அம்மாவுக்கு வலி என்று எனக்குத் தெரியும். நடையில் தெரிந்தது. உட்காரும்போது மூச்சைப் பிடிப்பதில் தெரிந்தது. ஆனால் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஸ்தோத்திரம், நல்லாத்தான் கீறேன்." என்னிடமும் அதுவேதான். ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிஸ்ஸிக்கு இரட்டைச் சடை கோணலாகப் போட்டு அனுப்பினாலும் ஒன்றும் சொல்வதில்லை. விருந்தாளியைப் போல ஒரு புன்னகை மட்டும். ஒரே வீட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அம்மா இருந்தார்கள். ஆனாலும் நான் அம்மாவுக்காக ஏங்கினேன். உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்காக அப்படி ஏங்குவதைப்போல வேதனை வேறில்லை.

ஒரு நாள் சமையலறையில் குக்கரை வைத்துவிட்டு, நின்றபடியே அழுதேன். அதுவரை "சுகம் தாரும்" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, எங்கம்மாவை எங்கிட்டத் திருப்பிக் கொடும். கொஞ்ச நாளைக்காவது போதும். பழையபடி என்கிட்ட பேசணும்." சொன்ன உடனே, சுகத்தைக் கேட்காமல் விட்டுவிட்டேனே, விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம்.

குக்கர் அடங்குவதற்குள் போன் வந்தது. நான் கூப்பிடாமல் விட்ட அதே குழுவின் நர்ஸ். ஆஸ்பத்திரியில் எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்களாம். "கோமதி பேசறேன்மா. நாளைக்கு ஆவடிப் பக்கம் வர்றோம். அப்படியே அம்மாவை ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?" என்று கேட்டார். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அது பதில்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு லேடி டாக்டர், நர்ஸ் கோமதி, பூந்தமல்லியிலிருந்து வரும் ரஹீம். ரஹீம் மருந்து கொடுப்பவர் அல்ல. நோயாளியின் வீட்டார் மனசையும் வீட்டு நிலைமையையும் பார்ப்பது அவர் வேலை. அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டுத் தலை வாரிக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல டாக்டர். ஸ்தோத்திரம்."

டாக்டர் வாதாடவில்லை. முதுகைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். கோமதி அம்மாவை மெதுவாகப் புரட்டியபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்ஷீட்டைக் கொத்தாகப் பிடித்தார்கள். விரல்களெல்லாம் வெளுத்துவிட்டன.

"அம்மா, பெட்ஷீட்டை வுட்டுடுங்க. கிழிஞ்சா உங்க பொண்ணு எங்கிட்டப் புதுசு கேப்பாங்க" என்றார் கோமதி.

அம்மா சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அம்மா அழுவதைப் பார்த்தேன்.

ரஹீம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "யாருக்காக அம்மா மறைக்கிறீங்க?"

"மேடை ஏறிச் சொல்லிட்டேன் தம்பி. அத்தினி பேர் முன்னாடி, சுகமாயிட்டேன்னு. இப்ப வலிக்குதுன்னா கர்த்தர் பேரு இன்னாத்துக்கு ஆவும்? சின்னச் சின்னப் பசங்கள்லாம் கேட்டுகினு இருந்துச்சுங்க."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நோயோடு இத்தனை நாளும் அம்மா தனியாகக் காவல் காத்தது தன் உடம்பை அல்ல, அந்தச் சாட்சியை.

மூவரும் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள், என்னையும் கூட வைத்துக்கொண்டு. மார்பின் என்ற வலி மாத்திரை எழுதுகிறேன், ஆனால் இந்தப் பாரம் இறங்காமல் அவர்கள் விழுங்கமாட்டார்கள் என்றார் டாக்டர். முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது, எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று நான் சொல்லித் தருகிறேன் என்றார் கோமதி. "அப்ப உங்க பாஸ்டரை நான் பாத்துக்கறேன். அம்மா சரின்னு சொன்னா மட்டும்" என்றார் ரஹீம்.

"நீங்க முஸ்லிம். எங்க பாஸ்டர்கிட்ட போய் என்ன பேசுவீங்க?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவரும் வலியில இருக்கறவங்களைப் பாக்கப் போறவருதானே சிஸ்டர்? நானும் அதான். ஒரே டிபார்ட்மென்ட்."

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்களா, சீக்கிரம் போய்விடுவார்களா என்று டாக்டரைத் துளைத்தேன். வலிக்கு அளவாகக் கொடுத்தால் இரண்டும் இல்லை என்றார். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தைக் கூடவே விடாமல் கொடுக்கவேண்டும் என்றார். அடுத்த நாளும் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டேன். அலுக்காமல் அதே பதிலைச் சொன்னார்.

அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "வரச் சொல்லு அவரை" என்றார்கள். ரஹீம் போய்ப் பேசியதும் பாஸ்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் சுகம்னு சொல்லிட்டேனே."

"அன்னிக்கு நல்லாத்தானேம்மா இருந்தீங்க? அன்னிக்கு உள்ளதை அன்னிக்குச் சொன்னீங்க. இன்னிக்கு உள்ளதை இன்னிக்குச் சொல்லுங்க. கர்த்தர் பேரைக் காப்பாத்துற வேலையை அவர் உங்களுக்குக் குடுக்கலியே."

வெளியே அரக்கோணம் வண்டி போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"வலிக்குது ஐயா" என்றார்கள். "தாங்கலை."

பாஸ்டர் அழுதார். பிறகு தானே மாத்திரையை எடுத்து அம்மா கையில் வைத்து, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். அம்மா ஆமென் சொல்லி விழுங்கினார்கள்.

இரண்டொரு நாளில் மாத்திரையின் அளவு சரியாக அமைந்தது. ஒரு காலையில் கஞ்சி கொண்டுபோனேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"உப்பு இன்னா வெலை ஏறிப்போச்சா? கைய இப்படி இறுக்கிப் புடிக்கிற."

நான் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "ஏன்டி, உப்பு இல்லன்னு சொன்னதுக்கா இத்தினி ஒப்பாரி?" என்றார்கள். கர்த்தர் என் அம்மாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் எப்படி எழுதுவேன்? அம்மா பேசினார்கள். அப்பாவை முதன்முதலில் பார்த்தது, நிஸ்ஸி பிறந்த அன்று பயந்தது, எல்லாம் பேசினார்கள். நிஸ்ஸியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று ரஹீமிடம் கேட்டேன். "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, இனிமே சரியாகாது, ஆனா உன்மேல பாசமா இருக்காங்கன்னு நேரா சொல்லுங்க. குழந்தைங்க நாம நினைக்கறதைவிட நல்லாத் தாங்கும். நாம மறைச்சாதான் பயப்படும்" என்றார். சொன்னேன். நிஸ்ஸி பாட்டியின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். பாதி எண்ணெய் பெட்ஷீட்டில்தான்.

ஒரு மாலை அம்மா சொன்னார்கள். "மெர்சி, என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடாதே. இந்த ஊட்லயே போறேன். நீ பயந்துக்குவேன்னு தெரியும். பயந்தாலும் பரவால்ல. கூட இரு, அது போதும்."

எனக்கு அது முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு மதியம் அம்மாவின் மூச்சு மாறியது. நீண்ட இடைவெளி விட்டுவிட்டு வந்தது. தொண்டையில் ஒரு சத்தம். எட்வின் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டார். எதிர் வீட்டு அக்காவும், "பாத்துகினு நிக்கிறியே, பெத்தவ இல்லியா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். கூப்பிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாகக் கோமதிக்குப் போன் செய்தேன்.

"நாங்க கெளம்பிட்டோம். போனை வெக்காதீங்க" என்றார். "அந்த சத்தம் அம்மாவுக்குக் கஷ்டமா இல்ல, கேக்கற நமக்குத்தான் கஷ்டம். ஒருபக்கமாப் படுக்க வெச்சு, உதட்டை நனைச்சு விடுங்க. பேசுங்க மெர்சி, அவங்களுக்குக் கேக்கலாம்."

எட்வின் போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பேசினேன். இன்றைக்கு என்ன சமைத்தேன் என்று சொன்னேன். சங்கீதம் வாசிக்கத் தொடங்கி, முடியாமல், வெறுமனே "அம்மா, அம்மா" என்றேன். கோமதியின் குழு வந்து சேரும் முன்பே அம்மா அமைதியாகக் கர்த்தரிடம் போய்விட்டார்கள். முகத்தில் வலி இல்லை. அதை நான் பார்த்தேன்.

மாத்திரைதான் காரணமோ என்று அதன்பிறகும் டாக்டரைக் கேட்டேன். "நோய்தான் கொண்டுபோச்சு மெர்சி. மாத்திரை உங்க அம்மாவை அதுவரைக்கும் உங்ககூட வெச்சிருந்தது" என்றார். மருந்துப் பை இல்லாமல், சும்மா உட்கார்ந்து பேசுவதற்காகவே கோமதியும் ரஹீமும் இரண்டு முறை வந்தார்கள். நோயாளி போன பிறகும் ஒரு வீட்டுக்கு வைத்தியம் உண்டு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நானும் சபையில் எழுந்து நின்றேன். "என் அம்மா சுகமாகவில்லை. ஆனால் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. தப்பாகப் பேசிவிட்டேனோ என்று பதறியபடி உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என் முழங்கையைப் பிடித்தார். "எங்க ஊட்டுக்காரருக்கு வலிம்மா. யாருக்கும் தெரியாது. உங்கம்மாவைப் பாக்க வந்தாங்களே, அவங்க போன் நம்பரு குடுக்கிறியா?" அந்த வாரமே அந்தக் குழு அவர்கள் வீட்டுப் படியேறியது. இப்போது சனிக்கிழமைகளில் நானும் அந்தக் குழுவோடு சில வீடுகளுக்குப் போகிறேன். அங்கே நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கூட உட்கார்ந்திருப்பேன்.

ஏக்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கஞ்சி கொதிக்கும்போதெல்லாம் யாராவது என்னைத் திட்டமாட்டார்களா என்று இருக்கிறது. அதை எடுத்துப்போடும்படி நான் ஜெபிக்கவில்லை. அம்மா எனக்கு எவ்வளவு கிடைத்தார்கள் என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கட்டும்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் யாராவது "ஸ்தோத்திரம், நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கலாம். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். இன்னொரு முறை கேளுங்கள். உதவி செய்ய வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்களையும் கர்த்தர்தான் அனுப்புகிறார். ஜெபத்தை விடாதீர்கள். ஆனால் வலிக்கிறது என்றால், வலிக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். அவர் வெட்கப்படமாட்டார்.