நோலா தவறவிட்ட மான்

யாராவது மானைச் சுட்டுக் கொண்டுவந்து இறக்கினால் எல்லாரும் கொம்பைத்தான் பார்ப்போம். நோலா கெஃபார்ட் சிறுநீரகத்தைப் பார்ப்பாள். காட்டிலேயே குடலை எடுத்துப் போட்டாலும் சிறுநீரகத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவளுடைய மான் அறுக்கும் கொட்டகையின் சட்டம். நாங்கள் கொம்பில் எத்தனை கிளை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் கையை உள்ளே விட்டு அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பாள். மேலே வெள்ளைக் கொழுப்பு மூடியிருந்தால் தலையாட்டுவாள். இல்லையென்றால் வாளியில் போடுவாள். அந்தத் தொண்ணூறுகளில் வாளியில் விழுந்ததுதான் அதிகம்.

பென்சில்வேனியாவின் வடக்கு மலையில், டட்டன் ஓடைக்கு மேலே அவளுக்கு நானூறு ஏக்கர் காடு. அப்பா வழியில் வந்தது. புருஷன் வார்ட் மான் அறுக்கும் கொட்டகையைப் போட்டான். கொட்டகை போட்ட பதினோராம் வருஷம் ஒரு நாள் காலையில் விறகு பிளக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. குழந்தை கிடையாது. மறு வாரம் வேட்டைப் பருவம் தொடங்கியது. நோலா வார்டின் ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள். சுற்றுவட்டாரத்து மான் எல்லாம் அவள் கொக்கியில்தான் தொங்கும். ஒவ்வொன்றின் எடையையும், தாடைப் பல் தேய்மானத்தை வைத்து வயதையும் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் எழுதுவாள்.

அவள் காட்டின் மேல்விளிம்பில் எங்கள் கேம்ப், வேட்டைப் பருவத்தில் நாங்கள் தங்குகிற மரவீடு. அவள் அப்பா எங்கள் அப்பாக்களுக்குக் கைகுலுக்கிக் கொடுத்த இடம். ஒரே அறை, ஆறு கட்டில், ஒரு விறகடுப்பு. என் பெயர் லைல் பிரங்கார்ட். பஞ்சாயத்துச் சாலையில் பனி தள்ளுகிற கிப் ஷாஃபர் எனக்குப் பக்கத்துக் கட்டில். அடுப்புக்கு அதிகாரி ஆரின் டேட். எங்களில் மூத்தவர், அடுப்பை வேறு யாரும் தொட்டால் கோபம் வரும். மற்ற மூன்று பேர் ஆரின் எங்கே போனாலும் பின்னாலே போகிறவர்கள்.

எங்கள் பெருமையெல்லாம் எண்ணிக்கை. முதல் நாள் எத்தனை மான் கண்ணில் பட்டது என்று சுவரில் ஒரு பலகையில் எழுதுவோம். 1993-இல் அறுபத்து மூன்று. பக்கத்துக் கேம்ப்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். சுட்டது என்னவோ மூன்று. மூன்றும் பென்சில் கனத்தில் கொம்பு வைத்த வாண்டுகள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மான் நின்று எட்டுகிற உயரம் வரை காட்டில் ஒரு பச்சை இலை கிடையாது. தரையில் பெரணிச் செடி மட்டும். அதை மான் தின்னாது. ஓக் மரத்தடியில் ஒரு கன்று முளைத்து நான் பார்த்ததில்லை. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா, காடு என்னமா சுத்தமாக இருக்கிறது, நூறு அடி தூரத்தில் மான் வந்தாலும் தெரிகிறது என்றோம். எங்கள் புத்தி அந்த அழகில் இருந்தது.

இன்னொரு வேலையும் செய்தோம். பெண்மான் சுட அரசாங்கம் தனியாகச் சீட்டுக் கொடுக்கும். தாத்தாக்கள் காலத்தில் மான் அற்றுப்போகப் பார்த்ததாம். அன்றிலிருந்து பெட்டையைச் சுடுகிறவன் எங்கள் பக்கத்தில் மனுஷனே இல்லை. அதனால் ஆளுக்கொரு சீட்டு வாங்குவோம். நாங்கள் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்கிச் சுட்டுத் தொலைப்பானே. பருவம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம், புளித்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து சீட்டை அடுப்பில் போடுவோம். கைதட்டுவோம்.

1994-இல் அந்த ஞாயிறன்று ஆரின் அடுப்புக் கதவைத் திறந்த நேரத்தில் நோலா வாளியோடு உள்ளே வந்தாள்.

"வா நோலா. பொலோனி கொண்டாந்தியா?" என்றான் கிப். அவள் மான் இறைச்சியை அரைத்து உறையில் அடைத்துச் செய்கிற பொலோனி என்றால் அவனுக்கு உயிர்.

அவள் வாளியை மேஜையில் கவிழ்த்தாள். தாடை எலும்புகள். கூடவே நீளவாக்கில் பிளந்த ஒரு கால் எலும்பு, உறைபெட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு.

"பல்லைப் பாருங்க. ரெண்டரை வயசுப் பெட்டை, கார்ல அடிபட்டது. எடை எழுபத்தெட்டு பவுண்டு. எங்கப்பா காலத்துல இந்த வயசுக்கு நூத்திப்பத்து இருந்துது. இந்தக் கால் எலும்பு, மார்ச்ல ஓடைக்கரையில செத்துக் கிடந்த குட்டியோடது. மொத்தம் பதினொண்ணு கிடந்துது. மஜ்ஜை வெள்ளையா மெழுகு மாதிரி இருக்கணும். இது எப்படி இருக்கு, கிப்?"

கிப் குனிந்து பார்த்தான். "ஜாம் மாதிரி இருக்கு." அவன் சொல்லி யாரும் சிரிக்காத நாள் அது ஒன்றுதான்.

"கடைசியா எலும்புக்குள்ள இருக்கற கொழுப்பையும் கரைச்சுத் தின்னுட்டுச் செத்திருக்கு."

"போன வருஷம் அறுபத்து மூணு பாத்தோம்மா," என்றார் ஆரின். "இந்த ஜில்லாவுல எவனுக்கு இருக்கு?"

"அறுபத்து மூணு பட்டினியைப் பாத்தீங்க, ஆரின்."

"பெட்டையைச் சுட்டா அப்புறம் குட்டி எங்கேருந்து வரும்? ஆகாசத்துலேருந்தா?"

"இருக்கற மானுக்குத் தின்ன ஏதாவது மிஞ்சினா வரும். மூணே மூணு வருஷந்தான் கேக்கறேன். சீட்டை அடுப்புல போடாம பெட்டைமேல போடுங்க. கொம்புல ஒரு பக்கம் மூணு கிளை இல்லாததை விட்டுடுங்க. அவ்வளவுதான்."

"மாட்டோம்னா? கேம்பைக் காலி பண்ணச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். எங்கப்பா குடுத்த வாக்கு அப்படியே இருக்கும். ஆனா நான் சுடத்தான் போறேன். நீங்க கூட இருந்தா எனக்கு நல்லாருக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. வார்ட் போனபிறகு அந்த மலையில் அவளுக்கு வேறு மனுஷர் இல்லை. எங்கள் புகைக்குழாயில் புகை வருகிற நாட்கள்தான் அவளுக்கு வருஷம். எங்களை இழக்க நேரும் என்று தெரிந்துதான் வாளியைக் கவிழ்த்தாள். அது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்து என்ன செய்தேன் என்பதுதான் கேவலம்.

ஆரின் தன் சீட்டை அவள் கண்ணெதிரே அடுப்பில் போட்டார். "பெட்டை சுடறவங்க எடத்துல நான் படுக்க முடியாது," என்று படுக்கைப் பையைச் சுருட்டினார். மற்ற மூன்று பேரும் சுருட்டினார்கள். கிப்பும் நானும் சீட்டை எரிக்காமல் மிஞ்சினோம். நியாயத்துக்காக மிஞ்சினேன் என்று சொல்ல ஆசைதான். போக எனக்கு வேறு இடம் இல்லை.

டிசம்பர் நடுவில் பெட்டைக்கென்று மூன்று நாள். முதல் நாள் காலை நாற்பது அடியில் ஒரு பெண்மான் எனக்கு முன்னால் அசையாமல் நின்றது. வேண்டுமென்றே தாழ்த்திச் சுட்டேன். அது வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கேம்பில் பழக்கம் ஒன்று உண்டு: குறி தப்பினவனின் சட்டையில் பின்பக்கம் தொங்குகிற துண்டை வெட்டி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்போம். கிப் என் சட்டையை வெட்டும்போது, "நாப்பது அடியில தப்பறதுக்கு ஒரு தெறம வேணும்டா," என்றான். நானும் வெட்கப்படுகிறவன் மாதிரி நின்றேன்.

அதைவிடப் பெரிய தப்பு மத்தியானம் நடந்தது. நோலா ஒரு பெட்டையைச் சுட்டு, கழுத்தில் கயிறு கட்டி, பனியில் தனியாக இழுத்துக்கொண்டு இறங்கினாள். எங்கள் ஊரில் ஆகாதவன் மானை இழுத்துக்கொண்டு வந்தாலும் போய்க் கயிற்றைப் பிடிப்போம். ஐம்பத்தெட்டு வயசுக்காரி பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். நான் ஹெம்லாக் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டை இழுத்த கயிற்றைத் தொட்டேன் என்று ஊர் சொல்லுமே என்ற பயம். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பிப்ரவரியில் உதிர்ந்த கொம்பு பொறுக்க மேலே போனேன். ஹெம்லாக் நிழலில் ஒரு குட்டி படுத்திருந்தது. என்னைப் பார்த்தது, ஓடவில்லை. பக்கத்தில் போனேன். எழுந்திருக்க முயன்றது, முன்னங்கால் மட்டும் எழுந்தது. பிறகு அதையும் மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேட்டைக்காரனைப் பார்த்து ஓடத் தெம்பில்லாத மானை நான் வளர்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேரே நோலா வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றினாள்.

"அன்னைக்கு நான் தப்பல. வேணும்னே கீழ சுட்டேன்," என்றேன்.

"தெரியும்." ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். நசுங்கின தோட்டா ஒன்று அங்கே இருந்தது. "மறுநாளே அந்தப் பக்கம் போனேன். ஆஷ் மரத்துல முழங்கால் உசரத்துல பதிஞ்சிருந்துது. நாப்பது அடியில முழங்காலுக்குச் சுடறவன் ஒண்ணு குருடன், இல்ல பொய்யன். நீ குருடன் இல்ல."

"ஏன் சொல்லல?"

"இருந்த ரெண்டு பேருல ஒருத்தனை நானே விரட்டவா? காபியைக் குடி, ஆறுது."

அடுத்த டிசம்பரில் நான் இரண்டு பெட்டை சுட்டேன். அவள் கயிற்றை நானும் கிப்பும் இழுத்தோம். உணவுக்கடையில் எங்களுக்குப் பெட்டை கேம்ப் என்று பெயர் வைத்தார்கள். நான் போனால் எவனாவது பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி நடந்து காட்டுவான். மூன்றாம் வருஷம் பகல் முழுக்க ஒன்பது மான்தான் கண்ணில் பட்டது. நான் நோலாவிடம் எரிந்து விழுந்தேன். "ஒம்பதும் நடந்துதா, தள்ளாடிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் வருஷம் பெரணிக்கு நடுவே முள் ராஸ்ப்பெர்ரி தலைகாட்டியது. ஆறாம் வருஷம் ஓக் கன்றுகள் என் முழங்காலுக்கு வந்தன. நூறு அடி தூரம் தெரிந்த காட்டில் முப்பது அடி தெரியவில்லை. ஏழாம் வருஷம் அந்தப் புதரிலிருந்து எட்டுக் கிளையோடு ஒரு மான் வெளியே வந்தது. அப்பா காலத்துப் படங்களில் மட்டும் நான் பார்த்திருந்த மாதிரி மான். கொட்டகையில் தொங்கவிட்டபோது கிப் கொம்பை எண்ணினான். நான் நோலாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எடுத்த சிறுநீரகம் வெண்ணெய்க்குள் புதைத்தது போல் முழுக்க மூடியிருந்தது. அதை வாளியில் போடாமல் என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த வெதுவெதுப்புக்கு நான் ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

2004-இல் ஆரின் திரும்பி வந்தார். பத்து வருஷத்தில் மூன்று கேம்ப் மாறியிருந்தார். சனிக்கிழமை படுக்கைப் பையோடு வாசலில் நின்று, "எடம் இருக்கா?" என்றார். கிப் அடுப்பைக் காட்டினான். அவர் கண் பலகைக்குப் போனது: முந்தின வருஷத்துக்கு நேரே பதினான்கு. நோலா ஞாயிற்றுக்கிழமை பொலோனி கொண்டுவந்தபோது எழுந்து நின்றார், உட்கார்ந்தார், விறகைத் தள்ளினார், தள்ளின விறகையே மறுபடி தள்ளினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

திங்கள் காலை பருவம் தொடங்கியது, இப்போதெல்லாம் பெட்டைக்கும் அன்றிலிருந்தே. மேலேயிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் நோலா வெறுங்கையோடு கேம்புக்குள் வந்தாள். அறுபத்தெட்டு வயது, என் நினைவில் அவள் குறி ஒருமுறைகூடத் தப்பினதில்லை.

"பெட்டை. தப்பிடுச்சு," என்றாள்.

கிப் வாயைப் பிளந்தான். நில உரிமைக்காரி, கேம்ப் ஆள் இல்லை. அவளிடம் அந்தப் பழக்கத்தைக் காட்டலாமா என்று எங்களுக்குக் குழப்பம். அவளோ கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நேராக ஆரினிடம் நீட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"மூத்தவர்தானே வெட்டணும். வெட்டுங்க. குளிருது."

ஆரின் கத்தரிக்கோலை வாங்கினார். வார்டின் பழைய கட்டம்போட்ட சட்டை அது. கோணல்மாணலாக வெட்டினார். வெட்டின துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா நோலா," என்று ஆரம்பித்தார்.

"பேரைச் சரியா எழுதுங்க. கெஃபார்ட்ல ரெண்டு எழுத்தை விட்டுடுவீங்க நீங்க."

ஆரின் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எழுதி, ஆணி அடித்து, அவளுக்குச் சட்டியில் முட்டை பொரித்துக் கொடுத்தார். அவர் அடுப்பில் அவர் கையால். அவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

மத்தியானம் நான் மேலே போனேன். பனியில் அவள் காலடித் தடம், அங்கிருந்து நாற்பது அடியில் மான் நின்ற தடம், அதற்குப் பின்னால் இளம் மேப்பிள் மரம். முழங்கால் உயரத்தில் தோட்டா. என் சட்டைத் துண்டும் அவள் சட்டைத் துண்டும் கேம்ப் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. என்னுடையது ஊருக்குப் பயந்து சொன்ன பொய்க்கு. அவளுடையது ஒரு கிழவர் வீடு திரும்பட்டும் என்று சொன்ன பொய்க்கு.

கத்தி கையில்தான் இருந்தது. அந்தத் தோட்டாவை நான் தோண்டி எடுக்கவில்லை. மரம் வளர்ந்து மூடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.