மைக்கேல் அண்ணாச்சியின் மூணு இஞ்ச் ஓஸ்

மைக்கேல் அண்ணாச்சி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டபிறகு இதை யாரும் நம்பமாட்டார்கள். குடிக்கமாட்டார், ஊர் வம்பு பேசமாட்டார், ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசையைத் தவறவிடமாட்டார். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவர் கை வைத்த மிஷின் மறுபடி மக்கர் பண்ணாது என்று மில்லில் பெயர். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு தண்ணீர் ஓஸ் வாங்கி மாட்ட ஏழு வருஷம் ஆனது.

எண்பத்தைந்தாம் வருஷம் அவர் தன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மொட்டைமாடி போட்ட கான்கிரீட் வீடு கட்டினார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூன்றடிச் சந்து. மாடியில் விழுகிற மழை அவ்வளவும் ஒரே ஒரு மூணு இஞ்ச் பிவிசி குழாய் வழியாக அந்தச் சந்துக்குள் இறங்கும். குழாயின் வாய்க்கு நேர் எதிரே என் தறிக்கூடத்து மண்சுவர். சுவருக்கு உள்ளே இரண்டு விசைத்தறி. சத்திரப்பட்டி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிறேன். என் வீட்டுக்காரர் சோலைராஜ் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் தூத்துக்குடி ரோட்டில்தான் குடித்தனம். அதனால் தறியும் என் பாடு, சுவரும் என் பாடு. அந்தச் சுவர் நின்றால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

தண்ணீர் போகவேண்டிய வாறுகால் தெருமுனையில் இருக்கிறது. குழாயிலிருந்து பன்னிரண்டு அடி தூரம், அவ்வளவுதான்! அண்ணாச்சி முதலில் தரையோடு தரையாக ஒரு பிவிசி குழாயை நீட்டினார். அந்தச் சந்து வழியாகத்தான் என் தறிக்குப் பாவு நூல் சுற்றிய பெரிய உருளை, பீம், வரும். இரண்டு ஆள் உருட்டிக்கொண்டு வருகிற கனம். முதல் பீமிலேயே குழாய் நொறுங்கியது. மறுபடி போட்டார், மறுபடி நொறுங்கியது. இதில் என் பங்கும் உண்டு, நான் மறைக்கவில்லை. பிறகு இருவருமாகப் பேசி முடிவு செய்தோம். மழை வந்தால் விரித்துவிட்டு, வெறித்ததும் சுருட்டி மாட்டிவைக்கிற மாதிரி வளையக்கூடிய ஒரு ஓஸ் போதும். முடிவு செய்தது எண்பத்தைந்து ஐப்பசியில்.

முதலில் மில்லில் கழித்துப்போட்ட தீயணைப்பு ஓஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். கித்தான் துணி. மழைத்தண்ணீர் உள்ளே போன அளவுக்கு வெளியேயும் கசிந்தது. கசிவை அடைக்கத் தார் பூசினார். தார் பூசிய துணி வெயிலில் விறைத்து மரக்கட்டையாகிவிட்டது; சுருட்டப்போனால் வெடித்தது. அடுத்த வருஷம் சேத்தூர்ப் பக்கம் தோட்டக்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிற நீலநிறத் தட்டை ஓஸ். அது மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் கீறியது. அதற்கடுத்து, உள்ளே கம்பிச்சுருள் வைத்த ரப்பர் ஓஸ். அது கனமோ கனம், ஏசம்மா மதினியும் நானும் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. ஆறே மாதத்தில் கம்பி துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டு என் சேலையைக் கிழித்தது.

ஏசம்மா மதினி அண்ணாச்சியின் மனைவி. என்னைவிடப் பாவம் அவள்.

ஒருமுறை எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று நானே பஞ்சு மார்க்கெட் பக்கம் போய், கறுப்பு ஓஸ் பதினைந்து அடி வெட்டி வாங்கிவந்தேன். அண்ணாச்சி அதை முகர்ந்து பார்த்தார். நகத்தால் கீறினார். உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய டயரு, பழைய செருப்பு, அம்புட்டையும் உருக்கி ஊத்திருக்கான். சித்திரை வெயிலுக்குத் தாங்காதுத்தா."

"மழைக்குத் தாங்குதான்னு மட்டும் பாருங்க அண்ணாச்சி!"

அந்த மழைக்குத் தாங்கியது. சித்திரையில் தார் மாதிரி இளகிச் சந்துத் தரையோடு ஒட்டிக்கொண்டது. மண்வெட்டி வைத்துச் சுரண்டி எடுத்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்ததுதான் எனக்கு ஆத்திரம். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு கடைக்குப் போய் ஓஸ் கேட்பது?

எண்பத்தொன்பதில் அவர் ரிடையர் ஆனார். பிடித்தது சனி. அதுவரை ஷிப்டு பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் ஓஸ் பார்த்தவர், முழுநேரமும் ஓஸ் பார்க்க ஆரம்பித்தார். ராஜபாளையத்துக் கடைகள் பத்தவில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஏறினார். கடைக்குக் கடை ஓரடித் துண்டு கெஞ்சி வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துணி நாடாவைக் கட்டி மொட்டைமாடியில் வெயிலுக்குப் போட்டார். மற்ற வீட்டு மாடியில் வடகம் காயும், அவர் மாடியில் ஓஸ் காய்ந்தது. சாயங்காலமானால் ஒவ்வொரு துண்டையும் மடக்கி நிமிர்த்தி எண்ணுவார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கும். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. எனக்கு அப்படியே போய் அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாமா என்றிருக்கும்.

ஒருநாள் என் தறிக்கூடத்துக்குள் மூலைக்கு மூலை ஓஸ் துண்டு கிடந்தது. ஒவ்வொன்றிலும் தேங்காய்த் துருவல் தேய்த்திருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"எலி கடிக்கிதான்னு பாக்கணும்லா. எங்க வீட்டுல எலி கிடையாது. ஒங்க வீட்டுலதான் இருக்கு."

என்னத்தைச் சொல்ல! இல்லாத எலியெல்லாம் அந்தத் தேங்காய் வாசனைக்கு வந்து சேர்ந்தது. ஓஸைத் தொடவில்லை. நெய்து மடித்துவைத்த துணியைத்தான் கடித்தது. சத்திரப்பட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? நான்.

மதினி ஒருமுறை என் முன்னாலேயே அவரைப் பிடித்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப செத்த நேரத்துல சரின்னு தலையாட்டுனீகளே, ஒரு ஓஸுக்கா இந்தப் பாடு?"

அவர் அசையவில்லை. "ஒன்னைத் தெருவுல வெயில்லயா போட்டு வைக்கப் போறேன்?"

மதினி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் அவர் சொல்வது சரி என்று ஆகிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்புசெட்டுச் சாமான் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் கும்பிடு போட்டார். "ஒங்க பக்கத்து வீட்டுக்காரர் என் உசிரை வாங்குதாரும்மா. எத்தனை வருசம் உழைக்கும்னு கேட்டாரு. ஆயுசுக்கும் உழைக்கும்னேன். யாரு ஆயுசுக்குன்னு கேக்காரு! கடையில ஆளுக நிக்காங்க, நான் என்னத்த சொல்ல?"

இத்தனைக்கும் சந்தில் ஒன்றுமே இல்லாமல் இல்லை. பழைய நீல ஓஸுக்கே சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி ஒட்டி, அதைத்தான் ஒவ்வொரு மழைக்கும் விரித்தார். பாதித் தண்ணீர் வாறுகாலுக்குப் போகும், மீதி என் சுவருக்கு. சுவரின் அடியில் நான் ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்ட் பூசினேன். ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் ஏறியது.

தொண்ணூற்றிரண்டு புரட்டாசியில் ஒருநாள் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது உள்பக்கச் சுவரில் ஒரு கறை தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. பயந்துபோய் அண்ணாச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவரும் விரலை வைத்தார். அவர் விரலும் போனது.

"ஒங்களுக்கு ஓஸ் உழைக்கணும் அண்ணாச்சி. எனக்கு இந்தச் சுவரு உழைக்கணும். இது விழுந்தா நாங்க தெருவுலதான் நிக்கணும். எதையாவது வாங்கி மாட்டுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

நான் அழுதுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. மாடிக்குப் போனார், காய்ந்த துண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார், திண்டாடித் திண்டாடி ஒன்றை எடுத்தார். பச்சைநிறம், வரிவரியாகச் சுருள் ஓடுகிற கெட்டி பிவிசி. பம்புசெட்டில் தண்ணீர் உறிஞ்சுவதற்குப் போடுகிற ஜாதி. மூன்று சித்திரை வெயில் தின்றும் வெளுக்கவில்லை, எலி தொடவில்லை, பீம் ஏறினாலும் அமுங்கி மறுபடி எழுந்தது.

"இதுதான். சங்கரலிங்கம் கடையில சொல்லிருதேன். சரக்கு வந்ததும் வாங்கிருதேன்."

சரக்கு ஒரு மாதம் கழித்து, ஐப்பசி கடைசியில் கடைக்கு வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு வானம் வெளிறிக் கிடந்தது. அண்ணாச்சி சந்துக்குள் ஏதோ திருகிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஓஸ் வாங்கப் போகிறார் என்று மதினி சொன்னாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்க்கக்கூட இல்லை, தறியை ஓட்டப் போய்விட்டேன்.

பத்தரைக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, அடை மழை. கொஞ்ச நேரத்தில் மண்சுவரில் யாரோ குடம் குடமாக அடிக்கிற சத்தம். ஓடிப்போய்ப் பார்க்கிறேன், குழாயின் வாய் மொட்டையாக நிற்கிறது. பழைய நீல ஓஸைக் காணோம்!

"மதினீ! ஓஸ் எங்க?"

மதினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அளவு சரியா இருக்கணும்னு கழட்டிக் கையோட கொண்டுட்டுப் போயிட்டாக பரிபூரணம். புதுசு ஒரு நூலு கூடக்கொறைய இருந்தாலும் ஒழுகுமாம்."

அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். தகரத்தைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தோம். தண்ணீர் அடித்துத் தள்ளியது. சாக்கில் மண்ணைக் கட்டி வைத்தோம், கரைந்து ஓடியது. மதினி மாடிக்கு ஏறிக் குழாயின் வாயைத் துணியால் அடைத்தாள். மாடி நிறைந்து கைப்பிடிச் சுவருக்கு மேலே வழிய, அதுவும் என் சுவரிலேயே விழுந்தது. அறுபதை நெருங்குகிறவள், நடுங்கிக்கொண்டே மறுபடி ஏறித் துணியை உருவினாள். கரண்டை அணைத்துவிட்டு இருவரும் ஒரு தறியின் பீமை மட்டும் கழற்றி உருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். இரண்டாவதற்குத் திரும்பும்போது சுவர் முனகியது. நான் மதினியை இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தேன்.

சந்துப் பக்கச் சுவரில் பாதி அப்படியே உட்கார்ந்து, ஒரு தறி மேல் சாய்ந்தது. கூரை ஒரு பக்கமாக இறங்கியது. வெள்ளைத் துணியெல்லாம் சேறு. நாங்கள் இருவரும் மழையிலேயே நின்றோம், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

நாலு மணிக்குத் தெருமுனையில் அண்ணாச்சி வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். தோளில் பச்சை ஓஸ் வளையமாகக் கிடந்தது, கையில் அந்தப் பழைய நீல ஓஸ். தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"கெடச்சிருச்சு பரிபூரணம்! அச்சு அசலா அதே அளவு!"

பிறகு சந்துக்குள் பார்த்தார்.

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். மனிதனா நீர், உம்ம ஓஸில் இடி விழ, உம்ம எலியில் இடி விழ என்று தெருவே கூடிப் பார்க்கக் கத்தினேன். அண்ணாச்சி பழைய ஓஸைக் கீழே போட்டார். குனிந்து சந்துக்குள் போனார். குழாயின் வாயில் புது ஓஸைச் செருகிக் கிளிப்பைப் போட்டுத் திருகத் தொடங்கினார்.

"இப்ப எதுக்கு அது? யாருக்கு மாட்டுதீரு?"

அவர் நிமிரவில்லை. "மிச்சம் பாதிச் சுவரு நிக்குதுல்ல தாயி. அதுக்குப் பின்னால ஒரு தறி இருக்குல்ல."

மழை விடவில்லை. அவர் ஈரக்கையிலிருந்து ஸ்குருடிரைவர் நழுவி நழுவி விழுந்தது. ஒருகையால் ஓஸை அழுத்திக்கொண்டு மறுகையால் திருக அவரால் முடியவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் யாராவது ஓஸைப் பிடித்துக்கொண்டால்தான் கிளிப் ஏறும். சேற்றில் முட்டிபோட்டு நான் பிடித்தேன். திட்டிக்கொண்டேதான் பிடித்தேன்.