பெரியவருக்கு மாதம் எவ்வளவு

என் தம்பி மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். முப்பத்து மூன்று வருடமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, டார்ச் அடித்து, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போவதுதான் பிழைப்பு. தெருவில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது, எல்லோருக்கும் அவன் 'ரீடிங்'. அவனே போனை எடுத்தால் "ரீடிங் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பான். அவனுக்கு வயது ஐம்பத்தேழு. நான் ஏழு வயது மூத்தவள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள், ஓய்வூதியம் கிடையாது. பதினோரு வருடமாக அவன் வீட்டுப் பின்னறையில், அவன் சம்பளத்தில் இருக்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் நாயைக் கொண்டுவந்த அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இன்னொரு வாய் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாய் வந்தது ஒரு பூட்டிய வீட்டிலிருந்து. பூட்டிய வீட்டுக்கு அவன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால் போன மூன்று தடவையின் சராசரியைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். கூடவோ குறையவோ இருந்தால் அடுத்த ரீடிங்கில் சரிக்கட்டிக்கொள்வார்கள். அன்றும் சராசரியை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறான். உள்ளே ஒரு நாய் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, குரைக்கவில்லை. மீட்டர்காரனைப் பார்த்துக் குரைக்காத நாய் உலகத்தில் உண்டா? விசாரித்தால், குடியிருந்தவர்கள் பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் கம்பி வழியாகத் தண்ணீரும் ரொட்டியும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் தம்பி இந்த வயதில் சுவர் ஏறிக் குதித்தான். முழங்கால் தோல் உரிந்ததுதான் அந்த நாய்க்கு அவன் செய்த முதல் செலவு.

பழுப்பு நிறம், மூக்கைச் சுற்றி நரை. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி வாசலில் உட்காரும். "யாரு இந்தப் பெரியவர்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. அவள் துணிக்கடையில் பில் போடுகிறவள், நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு மரியாதை கொடுத்துச் சலித்தவள். அந்த மரியாதையை அப்படியே நாய்க்கும் கொடுத்தாள். "பெரியவர் சாப்பிட்டாரா?", "பெரியவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, பெருக்கணும்." பெயர் ஒட்டிக்கொண்டது.

தம்பியிடம் ஒரு நோட்டு உண்டு. வீட்டில் நடக்கும் எல்லாச் செலவும் அதில் ஏறும். மூன்று மாதம் நாய்க்கு ஆனதைக் கூட்டி, மூன்றால் வகுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் படித்துக் காட்டினான். தீனி, சோப்பு, ஒரு தடுப்பூசி, ஒரு சங்கிலி.

"சம்பளத்துல இருபதுல ஒரு பங்கு. அவ்வளவுதான். இதுக்குப் போய் பயந்தோமே."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆகாம இருந்தா சரி," என்றாள் அவன் மனைவி.

ஆனால் அந்த நோட்டில் இல்லாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. பூச்சி மருந்து இல்லை. அடுத்த வருடத் தடுப்பூசி இல்லை. நாய்க்கும் வயசாகும் என்பது இல்லவே இல்லை. முப்பத்து மூன்று வருடம் சராசரி போட்டவனுக்கு வாழ்க்கையே மூன்று மாதத்தைக் கூட்டி வகுத்தால் வந்துவிடும் என்று நினைப்பு.

ஐந்தாம் மாதம் நாய்க்கு வலிப்பு வந்தது. தம்பி வீட்டில் இருந்த நேரம், அதனால் அவனே தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் மாத்திரை அட்டைகள். தினமும் காலை ஏழு, மாலை ஏழு, வேளைக்கு ஒன்று. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "இருக்கிற வரைக்கும்," என்றான். அன்று நோட்டைத் திறந்து கணக்கை மாற்றினான். இருபதில் ஒரு பங்காக இருந்தது எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

தினமும் சாப்பிடும்போது அந்தப் பழைய வீட்டுக்காரர்களைத் திட்டுவது அவனுக்கு ஊறுகாய் மாதிரி. அன்று அவன் மனைவி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்கன்னு இப்பப் புரியுதா?"

அதற்குப் பிறகு அவன் அவர்களைத் திட்டவில்லை. மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்று, "நாமளும் அவங்க மாதிரி ஆயிடுவோமாக்கா?" என்று கேட்டான். "போடா, வேலையைப் பாரு," என்று விரட்டினேன். ஆனால் என் இதய மாத்திரையும் நாயின் மாத்திரை இருந்த அதே அலமாரியில், அதே தட்டில்தான் இருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டு பேருடைய அட்டைகளையும் அவன் ஒரே பையில்தான் வாங்கி வருவான்.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் சுருங்கியது. தெருமுனைக் கடையில் குடிக்கும் தேநீரை விட்டான். முடிவெட்டிக்கொள்வது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. ஸ்கூட்டர் இருமிக்கொண்டே ஓடியது. தம்பி மனைவி கடையில் கூடுதல் நேர வேலைக்கு நின்றாள், வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் என் பங்குக்கு, "என் மாத்திரையை ஒரு மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன்டா," என்று சொல்லிப் பார்த்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் என்னைப் பார்த்துக் கோபப்பட்டவன் நாய் விஷயத்தில் அதையேதான் செய்துகொண்டிருந்தான். எனக்கு அது தெரியாது.

அன்று வேலைநாள், காலை பதினொரு மணி இருக்கும். அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நாய் எழுந்து நடக்கிறது என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை, வேகமாகிக்கொண்டே போனது. ஈரக் கையோடு ஓடினேன். பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான்கு காலும் ஓடுவது மாதிரி அடித்துக்கொண்டன. வாயில் நுரை, தரையெல்லாம் மூத்திரம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நாயைப் பிடிக்காது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துத் தூரப் போட்டேன். என் சேலை ஒன்றை மடித்துத் தலைக்கடியில் தள்ளினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆபத்து என்று தம்பி சொல்லியிருந்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம். இரண்டு. "பெரியவரே, பெரியவரே," என்று உளறிக்கொண்டிருந்தேன். மூன்று. என் நெஞ்சும் அதோடு சேர்ந்து அடித்துக்கொண்டது. நான் இங்கே விழுந்தால் எங்கள் இரண்டு பேரையும் யார் தூக்குவது என்று ஓர் எண்ணம் வந்து போனது. நாலரை நிமிடத்தில் கால்கள் மெதுவாக நின்றன.

தம்பிக்குப் போன் செய்தேன். யார் வீட்டு வாசலிலோ இருந்தவன் பையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தான். வாடகை வண்டி பிடித்தோம். நாய் என் மடியில் கிடந்தது.

"காலையில மாத்திரை குடுத்தியாடா?"

"குடுத்தேன்."

"முழுசா?"

பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்த மாதம் ஸ்கூட்டர் டயர் வெடித்திருக்கிறது. ஆறு அட்டை வாங்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் வாங்கியிருக்கிறான். பத்து மாத்திரை குறைந்தது. கடைசிப் பத்து நாளைக்கு வேளைக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்தால் பத்து மாத்திரை மிச்சமாகும், கணக்கு கச்சிதம். அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: 'குறைவு. அடுத்த மாதம் பத்து நாளைக்கு ஒன்றரையாகக் கொடுத்துச் சரிக்கட்டவும்.' அன்று பாதி மாத்திரையின் ஏழாம் நாள்.

"சராசரி வந்துடும்னு நினைச்சேன்க்கா."

படித்த முட்டாள் என்று திட்ட வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண், கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். நாய்க்கு ஊசி போட்டுவிட்டு, மாத்திரை விட்டுப் போனதா என்று கேட்டாள். தம்பி மறைக்கவில்லை, நோட்டையே காட்டிவிட்டான். அவள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இது கரண்ட் பில் இல்ல. திடீர்னு குறைச்சா மூளை தாங்காது. அப்புறம் கூட்டிக் குடுத்தா ஈரல் கெட்டுப்போகும். தினமும் ஒரே அளவு, ஒரே நேரம். காசு பத்தலைன்னா குறைக்காதீங்க, என்கிட்ட வந்து சொல்லுங்க."

அதே மருந்து வேறு கம்பெனியில் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்பதையும் சொன்னாள். அதுவும் நோட்டில் இல்லை. நான் நாயைத் துடைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி உள்ளே பணம் கட்டிவிட்டு வர நேரமானது.

சாயங்காலம் ஏழு மணிக்கு முழு மாத்திரை ஒன்றை ரொட்டியில் பொதிந்து கொடுத்தான். நாய் தின்றுவிட்டு அவன் காலடியில் படுத்தது. அவன் மனைவி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. சமையலறை மேசையில் நோட்டைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத உட்கார்ந்தான். தீனி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, பூச்சி மருந்து, அவசர வண்டிக்கூலி. புதுக் கம்பெனி மாத்திரை போட்டும் எட்டில் ஒன்று ஏழில் ஒன்றாகத்தான் வந்தது. பேனாவை வைத்துவிட்டான்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன்க்கா. இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்னு."

"என்ன சொன்னாங்க?"

"மூணு வருஷமாவது இருக்கும், நல்லாப் பாத்துக்கிட்டா அஞ்சுகூட இருக்கும்னாங்க." காலடியில் கிடந்த நாயைக் குனிந்து பார்த்தான். "எனக்கு வேலை இன்னும் மூணு வருஷம்தான். மூணுன்னு அவங்க சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அஞ்சுன்னதும் பக்குன்னுச்சு. அது செத்துப்போறதை நினைச்சு நிம்மதியாயிட்டேன்க்கா நான். நானெல்லாம் என்ன மனுஷன்?"

ஐம்பத்தேழு வயது ஆம்பிளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். நான் அவனைத் தேற்றியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை இதய டாக்டரிடம் அழைத்துப் போனவன் அவன். என்னைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டு, டாக்டரோடு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எத்தனை வருஷம்னு கேட்டியாடா?"

அழுகை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான்.

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"பயம்க்கா. கொஞ்ச நாள்தான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். ரொம்ப நாள்னு சொன்னாலும்..."

மீதியை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் காலி மாத்திரை அட்டையை அவனிடம் நீட்டும்போது எனக்கும் அதே பயம்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம். அவன் வாயால் கேட்டபிறகு எனக்கு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

நோட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"எழுது. பெரியவருக்கு அஞ்சுன்னே போடு."

"அக்கா..."

"போடுடா. எனக்கு இருபது போடு."

"இருபதா?"

"ஏன், கையைக் கடிக்குதா?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேனாவை எடுத்தான். இருபது என்றுதான் எழுதினான்.