மகாவலியில் எடுத்த படம்

யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. அதனால்தான் போன வருடம் இலங்கைக்குப் போனபோது, மலைநாட்டில் பிறந்து மூதூர்ப் பக்கம் கடலில் விழும் மகாவலியைக் கண்டதும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, மனைவியைப் படம் எடுக்கச் சொன்னேன். ரொறன்ரோவில் ரூஜ் ஆற்றில் கால் நனைத்துப் பழகிய துணிச்சல். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ரொறன்ரோ வீட்டு ஹோலில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

நேற்றுத் தேநீர் குடிக்க வந்த மூதூர்க்காரர் படத்துக்குக் கிட்டப் போனார்.

"அண்ணை, உங்களுக்குப் பின்னால கிடக்கிறது என்ன?"

"மரக்கட்டை."

"கட்டைக்குக் கண் இருக்குமோ? உது முதலை!"

நான் படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று கரையில் நின்று அவள் கத்தியது இருவருக்கும் நினைவு வந்தது: "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ!"