சரி போட்ட வசனம்

பேராதனை வரும்வரை டொரதி பஸ்ஸில் சன்னக் குரலில் வாசித்துக்கொண்டே வருவாள். கையிலிருப்பது ஜெபப் புத்தகமல்ல, அவளே எழுதிய கட்டுரை. மடியில் கிளிப் வைத்த பரீட்சை மட்டை, அதன்மேல் தாள்கள். வசனம் முடியுமுன் மூச்சு முட்டினால் நடுவில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பாள். "மூச்சு பத்தலன்னா வசனம் நீளம்ங்க. ரெண்டா வெட்டிறணும்" என்பது அவளுடைய சட்டம். இடையிடையே உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய புளிப்பான வெரளுக்காய் ஒன்று வாய்க்குள் போகும். தாளில் கறை படக்கூடாதென்று இடது கையால்தான் எடுப்பாள்.

புசல்லாவையில் காலை ஆறேகால் பஸ்ஸில் நானும் ஏறுகிறேன். எனக்குக் கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அவள் பேராதனையில் இறங்குவாள், சமூகவியல் இறுதியாண்டு. வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய சிறு வீடுகளில் ஒன்று. அப்பா, பெயர் சுவக்கின், தேயிலை பெக்டரியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறார்.

முதலாம் வருடக் கட்டுரை ஒன்றுக்கு முப்பத்திரண்டு புள்ளிதான் கிடைத்ததாம். ஓரத்தில் சிவப்பு மையில் 'உமது கருத்து எங்கே?' என்று எழுதியிருந்தது. "எங் கருத்த யாரு கேட்டா? பெரிய பெரிய சொல்லா போட்டாத்தான் கேம்பஸ் எழுத்துன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். அதற்குப் பிறகும் வெகுநாள் மற்றவர்களின் சொற்களைத்தான் பொறுக்கினாள். பொறுக்குவதில் கெட்டிக்காரியானதால் புள்ளியும் கூடியது.

போன வருடக் கடைசியில் அவளுடைய ஆய்வேடு முடியும் நிலையில் இருந்தது. தோட்டத்துக் கர்ப்பிணிப் பெண்கள் ஏன் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள் என்பது தலைப்பு. மூன்றாம் அத்தியாயத்தை மேற்பார்வையாளர் றஞ்சனா மேடம் பார்த்து, முக்கியமான வசனத்துக்குப் பக்கத்திலே பெரிதாகச் சரி போட்டுக் கொடுத்திருந்தார். அந்த வசனத்தை அன்று பஸ்ஸில் இரண்டு தடவை வாசித்தாள்: "தோட்டப் பெண்கள் கிளினிக்கிற்கு வராமைக்கு அவர்களின் அறியாமையே பிரதான காரணமாகும்."

பக்கத்து ஆசனத்தில் வடிவம்மா என்றொரு பெண். மருமகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அறியாமைன்னா என்னா புள்ள?"

"தெரியாம இருக்கிறதுங்க."

"யாருக்குத் தெரியாது? வியாழக்கெழம கிளினிக்கு. எட்டரை பஸ்ஸ விட்டா பதினொன்னுக்குத்தான் அடுத்தது. அதுல போனா நம்பரு முடிஞ்சிருக்கும். வேலைக்கும் அன்னிக்குப் பேரு விழாது, ஒரு நாள் சம்பளம் போயிரும். எல்லாம் தெரிஞ்சுதான் புள்ள வீட்டுல கெடக்குறோம்."

அவர் கோபப்படவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டொரதிதான் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய அம்மாவும் தம்பியைச் சுமந்தபோது மூன்று கிளினிக்கை விட்டவர். "எங்கம்மாவப் பத்தித்தான் எழுதியிருக்கேன்னு அப்பத்தாங்க உறைச்சிச்சு" என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னாள்.

கெலிஓயாவில் ஏறும் சிநேகிதி பர்ஹானா, வழக்கம்போலப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னடி, இண்டக்கி வாசிப்பு இல்லியா?"

டொரதி தாளை நீட்டினாள். நடந்ததைக் கேட்டதும் பர்ஹானா சுருக்கமாகக் கேட்டாள்: "இத ஆரு செல்றது? நீயா, புத்தகமா?"

"மூணு புத்தகத்துல இருக்கு."

"அந்த மூணு பேரும் அந்த பஸ்ல போயீக்காங்களா?"

ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. அன்றே அவள் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள். றஞ்சனா மேடம் யாழ்ப்பாணத்தவர், கறாரானவர்.

"நான் சரியெண்டு போட்டுத் தந்தனான்தானே? இனி மாத்த உமக்கு நேரம் காணாது."

"மேடம், நீங்க சரி போட்ட வசனந்தான் பிழை."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப, எப்பிடிப் பிழையெண்டு காட்டும்" என்றார்.

அடுத்த இரண்டு வியாழனும் டொரதி எட்டரை பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனாள். பஸ் வந்த நேரத்தையும் நம்பர் முடிந்த நேரத்தையும் குறித்தாள். லயங்களில் ஒன்பது பெண்களோடு பேசினாள். எட்டுப் பேர் தங்கள் கிளினிக் திகதியை அட்டையைப் பார்க்காமலே சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, கையில் அட்டை இருக்க, கிளினிக்கில் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியதால் திரும்பிப் போகவில்லை என்றாள். ஒன்பதாமவள் பத்தொன்பது வயதுக்காரி, ஹேவாஹெட்டயிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். அவளுக்கு மட்டும் திகதியும் தெரியவில்லை, கிளினிக் எங்கே என்றும் தெரியவில்லை.

அவளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் டொரதி பர்ஹானாவிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. அந்த ஒருத்தி வந்தால், புத்தகங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அவளையும் போடு" என்றாள் பர்ஹானா. "போடாட்டி நீயும் அந்தப் புத்தகக்காரங்க மாதிரித்தான்."

கம்பியைப் பிடித்தபடி அவள் நின்றாள். டொரதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வாசிப்பில் ஒன்பதாமவள் இருந்தாள். வசனமும் மாறியிருந்தது: "நான் சந்தித்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குத் திகதி தெரியும். ஒருவருக்குத் தெரியாது." மூச்சு எங்கும் முட்டவில்லை.

புதிய அத்தியாயத்தை மேடம் அவள் முன்னாலேயே வாசித்தாராம். பழைய தாளை எடுத்து, தான் போட்ட சரியின் குறுக்கே கோடு கீறிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

ஒப்படைக்கும் நாள் காலை, கம்பளையில் அட்டை போட்டுக் கட்டிய மூன்று ஆய்வேட்டுப் பிரதிகள் அவள் மடியில் இருந்தன. முதல் பக்கத்தில் 'இது எனது சொந்த ஆக்கம்' என்ற உறுதிமொழி, கீழே கையெழுத்துக்கான புள்ளிக்கோடு. பேனாவைத் திறந்தாள். பஸ் குலுங்கியது. மூடிவிட்டாள். கெலிஓயாவில் ஆட்கள் இறங்கி ஏறும் அந்தச் சிறு நேரத்தில், பஸ் முற்றாக நின்றதைப் பார்த்துவிட்டு, மூன்றிலும் முழுப்பெயரில் ஒப்பமிட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் முகத்தருகே தூக்கி, மை காயும்வரை ஊதினாள்.